தண்ணீர் அழுத்தமானியில் முள் ஏறவே இல்லை: கேஜ் பழுதா, குழாயில் கோளாறா?

கேள்வி (தர்மபுரி)

வணக்கம். எங்கள் வீடு கீழ்த்தளமும் முதல் மாடியும் கொண்டது. 1,000 லிட்டர் தொட்டி, மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் கூரைமேல் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது, அதன் மட்டம் கீழ்த்தளத் தரையிலிருந்து ஏறக்குறைய 31 அடி உயரத்தில் நிற்கும். ஒரு வருடமாக மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூல்போலத்தான் விழுகிறது. கீழே யாராவது ஒரு குழாயைத் திறந்துவிட்டால் அதுவும் நின்றுவிடுகிறது. வந்து பார்த்தவர் பிரஷர் பம்பு வைத்தால்தான் தீரும் என்றார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் அழுத்தத்தை அளந்து பார்த்துவிடலாம் என்று 0 முதல் 10 கிலோ வரை காட்டும் கேஜ் ஒன்றை வாங்கி, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கும் வாஷிங் மெஷின் குழாயில் மாட்டினேன். முள் பூஜ்ஜியத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்ததோடு சரி. கேஜ் பழுதானதா, இல்லை உண்மையிலேயே அழுத்தம் இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் (தர்மபுரி, பிளம்பிங் வேலை செய்பவர்)

வணக்கம் ஐயா. பம்பு வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தது மிகவும் நல்ல காரியம். உங்கள் கேஜில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அது இந்த வேலைக்கு ஏற்றதல்ல, அவ்வளவுதான். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ அழுத்தம் தரும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உங்கள் கேஜுக்கும் இடையே 28 அடி, அதாவது எட்டரை மீட்டர் இருப்பதால், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது 0.85 கிலோதான் வர வேண்டும். டயலில் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) கோடுகளும் இருந்தால் அதில் 12. பத்து கிலோ டயலில் 0.85 என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலும் டயலில் 1.6 என்று அச்சிட்டிருந்தால், முழு அளவில் 1.6 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று பொருள். பத்து கிலோ கேஜில் அது 0.16 கிலோ ஆகிவிடும். 0 முதல் 2.5 கிலோ வரை உள்ள கேஜை வாங்குங்கள். அதில் முள் டயலின் நடுப்பகுதியை ஒட்டி நிற்கும், படிப்பதும் எளிது.

மாட்டும்போது டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள்; டேப் துணுக்கு உள்ளே போனால் கேஜின் சிறு துளையை அடைத்துவிடும். டயலின் வட்டப் பெட்டியைக் கையால் பிடித்துத் திருகவே கூடாது. தண்டில் ஸ்பேனர் பிடிப்பதற்கென்று சதுரமாக ஒரு பகுதி இருக்கும், அதைப் பிடித்துத்தான் இறுக்க வேண்டும். பெட்டியைத் திருகினால் உள்ளே இருக்கும் வளைந்த பித்தளைக் குழல் முறுக்கிக்கொண்டு, முள் அதன்பின் சரியாகக் காட்டாது. நிரந்தரமாக வைப்பதென்றால், சி.பி.வி.சி. (பிளாஸ்டிக் குழாய்) லைனில் பித்தளை மரை வைத்த டீ (T வடிவ இணைப்பு) ஒன்றை ஒட்டி, ஒட்டியது நன்றாகக் காய ஒரு நாள் விட்டு, அதன் மேல் சிறிய பால் வால்வும் (துளையிட்ட உருண்டை திரும்பித் திறக்கும் வால்வு) வால்வின் மேல் கேஜும் வையுங்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் வால்வை மெதுவாகத் திறந்தால் போதும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. குழாய்கள் மூடியிருக்கும்போது முள் காட்டுவது தொட்டியின் உயரத்தை மட்டும்தான். குழாய்க்குள் ஒரு ஊசித் துளை மட்டுமே மீதமிருந்தாலும், தண்ணீர் ஓடாதவரை முள் 0.85-இல்தான் நிற்கும். ஆகவே முதலில் மூடி வைத்துப் பாருங்கள். பிறகு கேஜ் அப்படியே இருக்க, பக்கத்திலிருக்கும் வேறொரு குழாயை முழுதாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். 0.7 அளவில் நின்றால் லைன் நன்றாக இருக்கிறது. பாதிக்கும் கீழே விழுந்தால் வழியில் எங்கோ அடைப்பு. கீழே திறந்தால் மாடியில் நின்றுவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டு தளங்களுக்கும் பொதுவான பகுதியில், அதாவது தொட்டியடி வால்வுக்கும் முதல் பிரிவுக்கும் இடையில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. அது அப்படியே இருக்க பம்பு வைத்தால், பம்புக்குப் போதிய தண்ணீர் கிடைக்காமல் சத்தம் போட்டே கெட்டுப்போகும்.

பதில் (கிருஷ்ணகிரி, மாந்தோப்பு விவசாயி)

மேலே ஐயா சொன்னதை எங்கள் சொட்டுநீர்ப் பாசனத்திலும் தினமும் பார்க்கிறோம். வடிகட்டிக்கு முன் ஒரு கேஜ், பின் ஒரு கேஜ் வைத்திருக்கிறோம். தண்ணீர் ஓடும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை கிலோவை நெருங்கினால் வடிகட்டியைக் கழுவிவிடுவோம். மோட்டாரை நிறுத்தி, லைனில் தண்ணீர் வடிந்த பிறகும் முள் பூஜ்ஜியத்துக்கு வராமல் நின்றால், அந்தக் கேஜை நம்பாதீர்கள். எங்கள் போர் தண்ணீரின் உப்பு, கேஜின் வாய்த் துளையில் வெள்ளையாகக் கட்டி இப்படி ஆனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கம்பி விட்டுக் குத்தினால் உள்ளிருக்கும் குழல் சேதமாகும், கேஜையே மாற்றிவிடுவது நல்லது.

கேட்டவர் (மூன்று நாள் கழித்து)

இருவருக்கும் மிக்க நன்றி. 2.5 கிலோ கேஜ் வாங்கி மாட்டினேன். எல்லாவற்றையும் மூடியபோது முள் 0.85-க்கும் 0.9-க்கும் இடையில் நின்றது. கணக்கோடு ஒத்துப்போனதைப் பார்க்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. பக்கத்துக் குழாயைத் திறந்ததும் ஒரு நொடியில் 0.25-க்கு இறங்கிவிட்டது. மாடி ஷவர் அந்தக் கேஜைவிடப் பதினான்கரை அடி மேலே இருப்பதால் அதற்கு மட்டும் 0.44 கிலோ வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான், அங்கே தண்ணீர் ஏன் நின்றது என்று விளங்கியது.

தொட்டியடியில் இருந்த கேட் வால்வைக் கழற்றினோம். கைப்பிடி முழுதாகத் திறந்த நிலையில் சுற்றியது. ஆனால் உள்ளே இருக்கும் தகடு தண்டை விட்டுக் கழன்று, பாதி வழியை மறித்து விழுந்து கிடந்தது. அதன்மேல் சுண்ணாம்புபோல் வெள்ளை உப்பு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகு குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான்; தொட்டியில் ஏற்றுவது மட்டும் இன்னும் போர் தண்ணீர். வால்வை எடுத்துவிட்டு முழு வழியும் திறக்கும் பால் வால்வு போட்டோம். இப்போது ஒரு குழாய் திறந்திருக்கும்போது முள் 0.7-இல் நிற்கிறது. மாடி ஷவரும் நிற்காமல் விழுகிறது. பம்பு வாங்கவில்லை.

பதில் (பிளம்பிங் வேலை செய்பவர்)

நல்ல செய்தி ஐயா. தண்ணீர் ஓடும்போது வந்த அந்த 0.7-ஐத் தேதியோடு கேஜுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். பார்க்கும்போது தொட்டி நிறைந்திருக்க வேண்டும். தொட்டியில் ஒரு மீட்டர் தண்ணீர் குறைந்தால் முள்ளும் 0.1 இறங்கும், அதை அடைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், அடுத்த முறை உப்பு கட்டத் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.