கால்வோ கண்ணாடி: ஓரம் சரி, நடுவில் பிசகு. வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பட்டறையில் ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷின் ஓடுகிறது; அதில் கதிரைத் திருப்பும் சிறு சுழல் கண்ணாடிகள்தான் கால்வோ. 160 மி.மீ. குவியத் தூரமுள்ள எஃப்-தீட்டா லென்ஸ் (கதிரைத் தட்டையான களத்தில் குவிப்பது), 110 மி.மீ. சதுரக் களம். 9 புள்ளித் திருத்தம் (களத்தில் 9 இடங்களில் பிழையை அளந்து சரிசெய்வது) போட்ட பிறகு மூலைகளும் ஓரங்களும் அளவுக்கு வந்துவிட்டன. ஆனால் புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் கோடு 0.08 மி.மீ. வரை விலகுகிறது.

கண்ணாடி 0.1 மில்லிரேடியன் பிசகினாலே கதிர் இரண்டு மடங்கு திரும்பும்; இந்த லென்ஸில் அது 32 மைக்ரான். எனவே சின்னப் பிழையையும் விட மனமில்லை. இரண்டு மணி நேரம் ஓடினால் படம் முழுவதும் ஒரு பக்கமாக நகரவும் செய்கிறது. இது சூட்டினால் வரும் ஆஃப்செட் நகர்வு என்றே நினைக்கிறேன். புள்ளிவாரியாகப் பிழையைக் குறித்துச் சரிசெய்யும் அட்டவணைத் திருத்தம் இதற்கு உதவாது, இல்லையா?

அடுத்து 17க்கு 17 புள்ளி அடித்து அளக்கப் போகிறேன். 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேனரில் ஒரு பிக்சலே 21 மைக்ரான். ஸ்கேனருக்கும் சொந்தப் பிழை உண்டு. துல்லியக் கோடுகள் பொறித்த கண்ணாடி அளவுத்தகட்டைப் பக்கத்தில் வைத்து அதைக் கழித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புள்ளிகளுக்கு இடையே உள்ள பிழையை நேர்கோடாகக் கணிக்கும் நேர்கோட்டு இடைச்செருகல் போதுமா, வளைவாகக் கணிக்கும் மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை பொருத்தினால்தான் சரிப்படுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். அளவுகள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன்.