இடி முழக்கத்துக்குப் பிறகு கொம்பியூட்டர் ஒரு செக்கன் சுத்திப்போட்டு நிக்குது – மதர்போர்ட் போயிட்டுதோ?

சுன்னாகத்தார்:

வணக்கம். வீட்டு டெஸ்க்ரொப் எழும்புதில்லை. இன்ரெல் ஐ3-4130, எச்81 மதர்போர்ட், 4 ஜிபி டிடிஆர்3 றாம் ரெண்டு, 500 ஜிபி ஹாட் டிஸ்க், கேசிங்கோட வந்த 450 வோட் பவர் சப்ளை. தனி கிராபிக்ஸ் காட் இல்லை. 650 விஏ யூபிஎஸ்ஸில குடுத்திருக்கு.

பின்னேரம் நல்ல இடி, கரண்ட் ரெண்டு தரம் நிண்டு வந்தது. விடிய சுவிச்சை அமத்தினால் ஃபான் ஒரு செக்கன் சுத்திப்போட்டு நிக்குது. பேந்து எத்தினை தரம் அமத்தினாலும் அசைவில்லை. பிளக்கைக் கழட்டி ஒரு நிமிசம் விட்டுத் திரும்பக் குத்தினால் மறுபடியும் அதே ஒரு செக்கன். பீப் சத்தம் இல்லை, படமும் இல்லை. போர்ட்டில இருக்கிற பச்சை லைற் மட்டும் எரியுது.

பவர் வயர் மாத்திப் பாத்தாச்சு. றாமையும் கழட்டி அழிறப்பரால துடைச்சுப் போட்டாச்சு. கடையில கேசிங்கைத் திறக்காமலே, போர்ட்டும் புறொசசரும் மாத்த வேணும் எண்டு சொல்லுகினம். மகளின்ர கம்பஸ் வேலை முழுக்க அந்த டிஸ்குக்குள்ள. காசு செலவழிக்க முதல் வீட்டில என்னத்தைப் பாக்கலாம்? மல்ரிமீற்றர் ஒண்டு இருக்கு.

மீற்றர்க்காரன்:

அண்ணை, நீங்கள் எழுதினதில முக்கியமான இடம், பிளக்கைக் கழட்டிக் குத்தினால்தான் திரும்ப ஒரு செக்கன் சுத்துது எண்டது. பவர் சப்ளை எங்கயோ ஷோட் ஒண்டைக் (கரண்ட் குறுக்கு வழியால பாயிறது) கண்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளுது. கரண்டை முழுசா எடுத்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும். றாம் பிழையெண்டால் அனேகமா ஃபான் தொடர்ந்து சுத்தும், படம் மட்டும் வராது. சிலதில சுத்தி நிண்டு தானாத் திரும்ப எழும்பப் பாக்கும். உங்கட கேஸ் அப்பிடித் தெரியேல்லை.

ஷோட் போர்ட்டிலதான் இருக்க வேணும் எண்டில்லை. பவர் சப்ளையில தொங்குற எதிலயும் இருக்கலாம். அதால ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்கோ.

முதல்ல பிளக்கைச் சுவரிலயும் யூபிஎஸ்ஸிலயும் இருந்து கழட்டுங்கோ. சுவர் சுவிச்சை மட்டும் நிப்பாட்டினால் யூபிஎஸ் தன்ர பற்றறியால குடுத்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு பவர் சுவிச்சைப் பத்துப் பதினைஞ்சு செக்கன் அமத்திப் பிடிச்சால் மிச்சக் கரண்ட் இறங்கும், பச்சை லைற் அணையும். அதுக்குப் பிறகுதான் கை வைக்க வேணும்.

பிறகு ஹாட் டிஸ்க், டிவிடி ரெண்டினதும் பவர் வயரைக் கழட்டுங்கோ. டேற்றா வயரை மட்டும் கழட்டினால் காணாது, கனபேர் விடுற பிழை அதுதான். முன் பக்க யூஎஸ்பி, ஓடியோ வயர், பின்னால நெற்வேர்க் வயர், கீபோட், மவுஸ் எல்லாம் வெளியில. போர்ட், புறொசசர், அதின்ர ஃபான், ஒரு றாம் மட்டும் இருக்கட்டும். இப்ப அமத்திப் பாருங்கோ. ஃபான் தொடர்ந்து சுத்தினால், கழட்டினதுகளை ஒண்டொண்டாக் குடுத்து, ஒவ்வொரு தரமும் பிளக்கைக் கழட்டிக் குத்திப் பாக்க வேணும். எதைக் குடுக்க நிக்குதோ, ஷோட் அதிலதான்.

ஒண்டுமே இல்லாமலும் நிண்டால், புறொசசருக்குப் பக்கத்தில குத்தியிருக்கிற நாலு ஊசி வயரையும் (மஞ்சள் ரெண்டு, கறுப்பு ரெண்டு) கழட்டி அமத்துங்கோ. அப்ப ஃபான் சுத்தினால் போர்ட்டில புறொசசருக்குக் கரண்ட் குடுக்கிற மொஸ்ஃபெற் எண்ட சில்லில ஷோட். அப்பிடியெண்டால் வேற புறொசசரை அந்தப் போர்ட்டில போட்டுப் பாக்காதேங்கோ, அதையும் கொண்டுபோகும்.

வடமராட்சி:

போர்ட்டில உள்ள காசு பற்றறியையும் பாருங்கோ, சிஆர்2032. 2.8 வோல்ற்றுக்குக் கீழ எண்டால் மாத்திவிடுங்கோ. எங்கட கரையில உப்புக் காத்துக்கு றாம் சொக்கற், பவர் பிளக் ஊசியள் பச்சை பிடிக்கிறது வழமை. ஐசோபுறொப்பைல் அல்ககோல் தடவி, நல்லாக் காய விட்டுப் போட்டால் சரிவரும். பவர் சப்ளைக்குள்ள பல்லி செத்துக் கிடந்து ஷோட் ஆகிறதும் புதினமில்லை, ஓட்டையால ரோச் அடிச்சுப் பாருங்கோ.

சோல்டர்:

பற்றறி இறங்கினால் நேரம், செற்றிங் அழியும். ஒரு செக்கனில நிக்கிறதுக்கு அது அனேகமாக் காரணமில்லை. மாத்துறதில நட்டமும் இல்லை.

அண்ணை, கழட்டிப் பாக்க முதல் பவர் சப்ளையைத் தனிய சோதியுங்கோ. 24 ஊசிப் பிளக்கைப் போர்ட்டில இருந்து கழட்டி, பச்சை வயர் ஊசியையும் பக்கத்துக் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால தொடுத்துவிட்டுப் பிறகு கரண்ட் குடுங்கோ. ஃபான் சுத்த வேணும். சுமைக்குப் பழைய டிவிடி ஒண்டைக் கொழுவிவிடலாம், ஹாட் டிஸ்கைக் கொழுவாதேங்கோ. மீற்றரின்ர கறுப்பு முனை கறுப்பு வயரில. மஞ்சளில 11.4 க்கும் 12.6 க்கும் இடையில, சிவப்பில 4.75 – 5.25, செம்மஞ்சளில 3.14 – 3.47 வர வேணும். ஊதா வயர் 5 வோல்ற், பிளக் குத்தியிருக்கிற நேரம் முழுக்க இருக்கும். உங்கட பச்சை லைற் எரியிறது அதிலதான். அதால லைற் எரியுது எண்டதை வைச்சுப் பவர் சப்ளை நல்லம் எண்டு முடிவெடுக்க ஏலாது.

பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதேங்கோ. உள்ளுக்குப் பெரிய கபாசிற்றரில 300 வோல்ற்றுக்கு மேல நிக்கும், பிளக்கைக் கழட்டினாப் பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கு: றீகண்டிசன் டெல் ஒப்டிப்ளெக்ஸ் 3020, 7020, 9020 வைச்சிருக்கிறியள் எண்டால் அதில 24 ஊசிப் பிளக் இல்லை, எட்டு ஊசி. வயர் ஒழுங்கு வேற. மேல சொன்னதை அதில செய்யாதேங்கோ.

சுன்னாகத்தார்:

தம்பிமார், பெரிய உதவி. கிளிப் போட்டுப் பாத்தன். மஞ்சள் 12.5, சிவப்பு 5.1, செம்மஞ்சள் 3.3. பிறகு எல்லாத்தையும் கழட்டி அமத்த ஃபான் நிக்காமல் சுத்துது, மொனிற்றரில படமும் வந்திட்டுது! ஒண்டொண்டாக் குடுத்துக்கொண்டு வந்தால் ஹாட் டிஸ்கின்ர பவர் வயரைக் குத்தத்தான் நிக்குது. வயர் பிழையோ எண்டு வேற வயரிலயும் குத்தினன், அதே கதைதான். அப்ப போர்ட் தப்பிட்டுது, டிஸ்க் போயிட்டுதோ?

மீற்றர்க்காரன்:

டிஸ்க் போனதெண்டு இன்னும் சொல்ல ஏலாது. திரும்பத் திரும்பக் குத்திப் பாக்காமல் கழட்டி வையுங்கோ.

டிஸ்கின்ர பச்சைப் போர்ட்டில, பவர் வாய்க்குக் கிட்ட, காப்பு டயோட் எண்டு ரெண்டு கறுப்புச் சில்லு இருக்கும். ஒண்டு 12 வோல்ற் வழிக்கு, மற்றது 5 வோல்ற்றுக்கு. அளவுக்கு மேல வோல்ற்றேஜ் வந்தால் அது தான் ஷோட் ஆகி டிஸ்கைக் காப்பாத்தும். அந்த ஷோட்டைக் கண்டுதான் பவர் சப்ளை நிக்குது. மீற்றரை ஓம்ஸில போட்டு, தனிய எடுத்த டிஸ்கில அளவுங்கோ. பவர் வாயில 15 ஊசி. டேற்றா வாய்க்கு எதிர்ப்பக்கம் கடைசி மூண்டும் 12 வோல்ற். டேற்றா வாய்ப் பக்கத்தில இருந்து எண்ணினால் 7, 8, 9 ஆவது 5 வோல்ற். ஒரு முனையை அதில, மற்ற முனையை டிஸ்கின்ர உலோக உடம்பில பிடியுங்கோ. ரெண்டு முனையையும் மாத்திப் பிடிச்சும் பாருங்கோ. ரெண்டு பக்கமும் ஒரு ஓமுக்குக் கீழ எண்டால் அந்த வழி ஷோட்.

இதைவிட முக்கியமானது ஒண்டு. அந்த டயோட் சும்மா ஷோட் ஆகாது. ஏதோ ஒரு வழியில எப்பவோ அளவுக்கு மேல வோல்ற்றேஜ் வந்திருக்கு. அதைக் குடுத்தது உங்கட பவர் சப்ளைதான். இப்ப மீற்றரில 12.5 எண்டு வரம்புக்குள்ள நிண்டாலும், சுமை ஏறேக்க இறங்கேக்க என்ன செய்யும் எண்டு அந்த அளவு காட்டாது. கொம்பியூட்டர் எழும்புது எண்டிட்டு அதே சப்ளையில புது டிஸ்க் போட்டியள் எண்டால் அதுக்கும் இதே கதி வரலாம். முதல்ல மாத்த வேண்டியது பவர் சப்ளை.

சுன்னாகத்தார்:

கடைசி மூண்டு ஊசி 0.7 ஓம், மாத்திப் பிடிச்சாலும் அதே. 7, 8, 9 இல ஆயிரத்துக்கு மேல. டயோட்டை என்ன செய்யிறது?

சோல்டர்:

அப்ப 12 வோல்ற் டயோட்தான். நல்ல செய்தி எண்டே சொல்லலாம், அனேகமா உள்ளுக்கு ஒண்டும் நடந்திருக்காது.

டிஸ்கின்ர போர்ட்டைக் கழட்ட நட்சத்திர வாய் ரி6 திருப்பி வேணும். சாமான்கள் உள்பக்கம் பாத்து இருக்கும், அதால கழட்டாமல் தெரியாது. வெள்ளித் தகட்டு மூடியைத் தொடாதேங்கோ, அதைத் திறந்தால் தூசு போய்த் தட்டு கீறுப்படும், பிறகு ஒருத்தராலும் ஏலாது. ரெண்டு டயோட்டையும் அளந்து 0.7 காட்டுறதை மட்டும் எடுக்க வேணும். கூர்க் கத்தரியால வெட்டலாம் எண்டு எழுதுவினம், ஆனால் செம்புத் தடம் கிழிஞ்சால் வேலை கூடும். போன் திருத்துற கடையில சூட்டுக் காத்தால ஒரு நிமிசத்தில எடுத்துத் தருவினம். எடுத்த பிறகு அந்த மூண்டு ஊசியைத் திரும்ப அளவுங்கோ. ஓம் ஏறியிருந்தால் மட்டும் கரண்ட் குடுங்கோ. ஏறாட்டி மோட்டர் ஓட்டுற ஐசியும் போயிருக்கு.

டயோட் இல்லாமல் டிஸ்க் ஓடும், ஆனால் காப்பில்லை. அதால நம்பிக்கையான வேற சப்ளையில, இல்லாட்டி 12 வோல்ற் அடப்ரரோட வாற யூஎஸ்பி மாத்தியில (டிஸ்கை யூஎஸ்பி வாயில கொழுவுற சாமான்) போட்டு, மகளின்ர கோப்புகளை முதல்ல கொப்பி பண்ணுங்கோ. விண்டோஸைப் பிறகு பாக்கலாம். யூஎஸ்பியில மட்டும் ஓடுற சின்ன மாத்தி 3.5 அங்குல டிஸ்குக்குக் காணாது, மோட்டருக்கு 12 வேணும். அதே மொடல் டிஸ்கின்ர போர்ட்டை எடுத்து மாத்தலாம் எண்டு ஆராவது சொன்னால் விடாதேங்கோ. ஒவ்வொரு டிஸ்குக்கும் தனித் தரவு அந்தப் போர்ட்டில உள்ள சின்ன எட்டுக் கால் ஐசியில அனேகமா இருக்கும், அதையும் மாத்திச் சோல்டர் பண்ணாமல் வேலை செய்யாது.

வடமராட்சி:

பவர் சப்ளை வாங்கேக்க மேல பெரிசா எழுதியிருக்கிற வோட்டைப் பாக்காமல், பக்கத்து லேபிளில 12 வோல்ற்றுக்கு எத்தினை அம்பியர் எண்டு பாருங்கோ. 18 அம்பியர் எண்டால் 12 ஆல பெருக்க 216 வோட்தான், 450 எண்டு போட்டிருந்தாலும். உங்கட ஐ3-4130 இன்ர கணக்கு 54 வோட், முழு மெசினும் 100 வோட் தாண்டாது. அதால உண்மையான 300 வோட் தாராளம். 80 பிளஸ் அடையாளம் (கரண்டை அதிகம் வீணாக்காத சப்ளைக்குக் குடுக்கிறது) இருக்கிறது நல்லது. கையில தூக்கினால் தக்கையா இருக்கிறதை வைச்சிட்டு வாங்கோ.

ஐப்பசி இடிக்கு யூபிஎஸ்ஸை நம்பாதேங்கோ. வானம் இருண்டால் பிளக்கையும் கழட்டுங்கோ, ரவுட்டரில இருந்து வாற நெற்வேர்க் வயரையும் கழட்டுங்கோ. செம்புத் தொலைபேசி வயரால வாற இடி ரவுட்டர் வழியாப் போர்ட்டின்ர நெற்வேர்க் ஐசியை எரிக்கும்.

சுன்னாகத்தார்:

சரி, நாளைக்கு ரவுணுக்குப் போய்ச் சப்ளையும் யூஎஸ்பி மாத்தியும் எடுத்து, டயோட்டையும் எடுப்பிச்சுக்கொண்டு வாறன். பழைய சப்ளையை வேற எதுக்கும் பாவிக்கலாமோ?

மீற்றர்க்காரன்:

வேண்டாம் அண்ணை. வயரை வெட்டிப்போட்டு எறியுங்கோ, இல்லாட்டி ஆராவது எடுத்துக் குத்துவினம். அதின்ர ஃபான் மட்டும் 12 வோல்ற்றில நல்லா ஓடும், ஆனால் அதுக்காகப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.