கவரைக் கழற்றினால் போதுமாம்!

பரந்தன் திருகாணி:
நேற்று செம்மண் அண்ணை ஒரு பொடியனுக்குச் சொன்ன வைத்தியத்தைப் பார்த்து எனக்கு இரவு நித்திரை வரவில்லை. பொடியனிடம் இருப்பது 2009 காலத்துக் கோர் 2 டுவோ புரொசெசர் போட்ட கொம்பியூட்டர். பத்து நிமிடம் ஓடினதும் தானாக நிற்கிறதாம். அதற்கு அண்ணை சொன்னது: "சைட் கவரைக் கழற்றி எறி, மேசை ஃபானைப் பிடி, வேறொன்றும் வேண்டாம்."

அண்ணை, வன்னியில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? சோளகக் காற்றுத் தொடங்கினால் அலுமாரிக்குள் மடித்து வைத்த வெள்ளைச் சேட்டே சிவக்கிற ஊர் இது.

போன கிழமை இதே மாதிரி ஒன்று என் மேசைக்கு வந்தது. கவர் இல்லாமல் ஒரு வருடம் ஓடினது. ஃபானைக் கழற்றினால், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் இருந்த தூசி தோசை மாதிரி வட்டமாக உரிந்து வந்தது. புரொசெசருக்கு மேல் பூசின, சூடு கடத்துகிற பேஸ்ட், வற்றின குளத்தின் அடி மாதிரி வெடித்திருந்தது. சூட்டை இழுக்கிற அந்த அலுமினிய ஹீட்சிங்கைப் பிடிக்கிற நாலு பிளாஸ்டிக் முளையில் ஒன்று பூட்டுப்படவே இல்லை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இதற்கு மேசை ஃபான் என்ன செய்யும்? மிச்சத் தூசியையும் உள்ளே அடிக்கும்.

செம்மண்:
தம்பி, நான் வருடக்கணக்காகக் கவர் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். இதை அடிப்பதும் அதில்தான். நின்றதா?

பரந்தன் திருகாணி:
நிற்காது. அந்தப் புரொசெசர் 100 பாகையை நெருங்கினால் முதலில் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால்தான் ஒரேயடியாக நிற்கும். நீங்கள் ஒரு எழுத்தை அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வர அடுத்த எழுத்து விழுகிறதே, அதைத்தான் ஓடுகிறது என்கிறீர்கள்.

வவுனியா டீச்சர்:
சூடு சூடு என்று எதைச் சொல்கிறீர்கள்? புரொசெசரா, ஹார்ட் டிஸ்கா, பவர் சப்ளையா? எத்தனை டிகிரி என்று யாராவது பார்த்தீர்களா? மெஷின் தொடங்கும்போது திறக்கிற பயோஸ் திரையிலேயே காட்டும்.

செம்மண்:
மூடினால் அடுப்பு, திறந்தால் விறாந்தை. இதற்கு ஒரு டிகிரியும் வேண்டாம் டீச்சர், ஓ.எல். சோதனை பாஸ் போதும்.

முள்ளியவளையாள்:
நான் பார்த்தேன். என்னுடையதும் அதே வகை, முன்னால் ஃபான் இல்லாத மலிவுக் கேஸ். கவரோடு 71, கவர் இல்லாமல் 66. பிறகு தூசி தட்டிப் புதுப் பேஸ்ட் பூசினேன். கவரோடேயே 54.

பரந்தன் திருகாணி:
54! கவரோடு! எல்லோரும் வாசியுங்கள்.

செம்மண்:
71 எப்படி 66 ஆனது? கவரைக் கழற்றித்தானே? அதையும் வாசியுங்கள்.

குளத்தடி:
பேஸ்டுக்கு ஏன் காசு? பல் தேய்க்கிற பேஸ்ட் பூசினேன், நன்றாக இறங்கியது.

பரந்தன் திருகாணி:
எத்தனை நாளைக்கு? அதில் தண்ணீரும் இருக்கிறது. காய்ந்தால் சுண்ணாம்புதான். வாசத்துக்கு மட்டும் குறைவில்லை.

குளத்தடி:
டவுனில் ஒரு கடையில் சேர்விஸ் என்று 3500 ரூபா வாங்கிக்கொண்டு டயர்க்கடைக் காற்றால் ஊதி மட்டும் தந்தார்கள். அதற்கு என் பற்பசை மேல்.

பரந்தன் திருகாணி:
டயர்க்கடைக் கொம்பிரெசர் என்றால் அதற்கு வேறு கதை இருக்கிறது. தாங்கியில் தேங்கின தண்ணீரும் சேர்ந்து வரும். ஊதும்போது ஃபானை விரலால் பிடிக்காவிட்டால் அது பேய் மாதிரிச் சுற்றிப் பெயரிங் போகும். எனக்குப் பெயின்ட் பிரஷ்தான், பொறுமைதான்.

லண்டன் வன்னியான்:
ஏன் இந்தப் பாடு? 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கே ஆதரவு முடிந்தது. 11 இந்தப் பழசில் முறைப்படி ஏறாது. எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கோ.

செம்மண்:
நீர் அனுப்பும், வாங்குகிறோம்.

பரந்தன் திருகாணி:
இதில் மட்டும் அண்ணையோடு நிற்கிறேன். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட சனத்துக்கு எறியச் சொல்லித்தர லண்டனில் இருந்து ஆள் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருக்கிறது, ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான ஒரு எஸ்எஸ்டி போட்டால் இன்னும் ஓடும்.

லண்டன் வன்னியான்:
நானும் அந்த டைனமோவை உழக்கினவன்தான். உங்களுக்கு முதலே.

பரந்தன் திருகாணி:
சரி, உழக்கினீர்கள். பொடியனுக்கு வருகிறேன். மதர்போர்டில் புரொசெசருக்குப் பக்கத்தில் நிற்கிற சின்ன உருளைகள், அதுதான் கப்பாசிற்றர்கள், அவற்றின் மண்டையைப் பார். தட்டையாக இருந்தால் நல்லது. வீங்கியிருந்தால், மண்ணிறமாக ஏதாவது கசிந்திருந்தால், நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாற்றும்போது மேலே எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட. குறைத்துப் போடாதே. நேரம் ஒவ்வொரு நாளும் பழைய வருடத்துக்கு ஓடினால் மதர்போர்டில் காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பற்றறி செத்துவிட்டது. பவர் சப்ளையைத் திறக்காதே, வயரைக் கழற்றின பிறகும் உள்ளே கறண்ட் நிற்கும். அதன் ஃபான் சுற்றாவிட்டால் ஆளையே மாற்று. அறை 34 பாகை என்றால் எந்த ஃபானும் புரொசெசரை அதற்குக் கீழே இறக்காது, ஆகவே தகரக் கூரைக்குக் கீழே மெஷினை வைக்காதே. இவ்வளவையும் செய்துவிட்டு, கவரைப் போடு. நாலு திருகாணியும். பல்லி ஒன்று பவர் சப்ளைக்குள் போய்க் கருகின மணத்தை ஒருமுறை மணந்தவன் கவர் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

செம்மண்:
திருகாணி பற்றி நீ கதைக்கிறாயா? 2017இல் என் மெஷினைத் திருத்தித் தந்தபோது மூன்றுதானே போட்டுத் தந்தாய்.

பரந்தன் திருகாணி:
நீங்கள் கொண்டுவந்ததே மூன்றோடு!

செம்மண்:
நாலு.

பரந்தன் திருகாணி:
மூன்று. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

வவுனியா டீச்சர்:
அந்தப் பொடியனிடம் எத்தனை டிகிரி என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

முள்ளியவளையாள்:
செம்மண் அண்ணை, சும்மா கேட்கிறேன், அந்தக் கவர் இப்போது எங்கே?

செம்மண்:
கோழிக்கூட்டுக்குக் கதவு. நல்ல தகரம். போட்ட பிறகு ஒரு மரநாயும் கிட்ட வரவில்லை.

பரந்தன் திருகாணி:
காற்றோட்டத்துக்கு அதையும் கழற்றித்தானே வைத்திருப்பீர்கள்?

செம்மண்:
கோழிக்குக் கவர் வேண்டும் தம்பி. கொம்பியூட்டருக்குத்தான் வேண்டாம்.