மறு: கால்பந்து கிளப்புகளின் கணக்கு விதி – ‘நட்ட வரம்பு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் நிதிச் செய்திகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> பிரீமியர் லீக்கின் இந்த விதியை ‘லாபம் மற்றும் நிலைத்தன்மை விதிகள்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘செலவு வரம்பு’ என்று சுருக்கிவிடலாமே?

சுருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்த விதி செலவைத் தடுக்கவில்லை. வரவு இருந்தால் ஒரு கிளப் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மூன்று பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் எவ்வளவு என்பதுதான் லீக்கின் கேள்வி. பருவத்துக்கு 3.5 கோடி என்ற கணக்கில் 10.5 கோடி பவுண்டு வரை விட்டுவிடுவார்கள். அதிலும் ஒன்றரைக் கோடிக்கு மேல் போகும் நட்டத்தை உரிமையாளர் தன் கையிலிருந்து மூலதனமாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். எனவே ‘நட்ட வரம்பு’ என்பதே என் பரிந்துரை. முறையான பெயரை முதல் தடவை ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் இதையே ஆளலாம்.

‘இழப்பு வரம்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளையாட்டுச் செய்தியில் இழப்பு என்றால் விக்கெட், புள்ளி, கோப்பை எல்லாம் நினைவுக்கு வரும். நட்டத்தில் அந்தக் குழப்பம் இல்லை. நஷ்டம் என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. கிளப்பின் ஆண்டறிக்கையில் காணும் நட்டமும் லீக் கணக்கிடும் நட்டமும் ஒன்றல்ல. இளையோர் பயிற்சி, பெண்கள் கால்பந்து, சமூகப் பணி போன்ற செலவுகளைக் கழித்துவிட்டுத்தான் வரம்போடு ஒப்பிடுவார்கள். வரம்பைத் தாண்டியதாக எவர்டன் கிளப் மீது வந்த வழக்கில் பெரிய சண்டையே இதில்தான். புதிய மைதானக் கட்டுமானத்துக்காக வாங்கிய கடனின் வட்டியையும் கழிக்க வேண்டும் என்று கிளப் கேட்டது, வழக்கை விசாரித்த ஆணையம் ஒப்பவில்லை. 12.45 கோடி நட்டம், அதாவது வரம்பைவிட 1.95 கோடி அதிகம் என்று முடிந்தது. இந்தக் கழிவு போக நிற்கும் தொகைக்கு ‘விதிப்படி நட்டம்’ என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டால் கட்டுரை எழுதுவது எளிது.

> வீரரை வாங்கிய தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவதைத் ‘தேய்மானம்’ என்கிறீர்கள். இயந்திரத்துக்குச் சொல்வதை மனிதருக்குச் சொல்லலாமா?

தேய்வது ஆள் அல்ல, அவரது ஒப்பந்தம். செல்சீ கிளப் 2023 ஜனவரி முடிவில் என்சோ பெர்னாண்டஸ் என்ற வீரரைப் போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பிடமிருந்து வாங்கியது ஏறத்தாழ 10.7 கோடி பவுண்டுக்கு. ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. பிரித்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒன்றேகால் கோடிதான் செலவாக ஏறும். அதே ஆளுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் ஆண்டுக்கு இரண்டு கோடியைத் தாண்டியிருக்கும். இந்தச் சூட்சுமத்தைப் பார்த்துவிட்டு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம், பின்னாலேயே பிரீமியர் லீக், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் ஐந்தாண்டுக்கு மேல் பிரித்து எழுதக் கூடாது என்று கதவை அடைத்தன. ‘ஒப்பந்தத் தேய்மானம்’ என்று முழுதாகச் சொன்னால் மனிதரைக் குறைத்துப் பேசியதாக யாரும் எண்ண மாட்டார்கள்.

தேய்மானம் போக மிச்சம் நிற்பது ‘ஏட்டு மதிப்பு’. வணிகவியல் பாடநூலிலேயே இருக்கும் சொல், புதிதாக ஒன்றும் வேண்டாம். இது புரிந்தால்தான் வரம்பைத் தாண்டிய இன்னொரு கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கதை புரியும். பிரென்னன் ஜான்சன் என்ற வீரர் அவர்களுடைய சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். வாங்கிய விலை கிடையாது என்பதால் ஏட்டு மதிப்பு சுழியம், விற்ற தொகை அத்தனையும் லாபம். டாட்டன்ஹாம் கிளப்புக்கு 4.75 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். ஆனால் விற்ற நாள் 2023 செப்டம்பர் 1. கணக்கு முடிந்தது ஜூன் 30-ல். அத்தனை லாபமும் அடுத்த ஆண்டு ஏட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பொறுத்திருந்ததால்தானே நல்ல விலை கிடைத்தது என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மூன்றில் இரண்டு பருவங்களைக் கீழ் டிவிஷனில் ஆடியவர்கள் என்பதால் அவர்களுக்கு வரம்பே 6.1 கோடிதான். அதை 3.45 கோடி தாண்டியிருந்தார்கள். தண்டனையாக லீக் பட்டியலில் 4 புள்ளி போயிற்று. ஒத்துழைத்ததற்காக 2 புள்ளி தள்ளுபடி செய்த பிறகும் இவ்வளவு.

> எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘நிதி மோசடிப் புகார்’ என்று போட்டுவிடலாம்.

இதை மட்டும் ஒப்புக்கொள்ளவே முடியாது. எவர்டனும் ஃபாரஸ்டும் வரம்பைத் தாண்டினார்கள், தாண்டியதை ஒப்புக்கொண்டும் விட்டார்கள். யாரும் அவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. அதற்கு ‘வரம்பு மீறல்’ போதும். மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் லீக் சுமத்தியது வேறு வகை. ஸ்பான்சர் வருவாய், பயிற்சியாளர் சம்பளம் முதலியவற்றில் உண்மையான கணக்கைக் காட்டவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பவை முக்கியமானவை. கிளப் மறுக்கிறது. அங்கே ‘கணக்கு மறைப்புக் குற்றச்சாட்டு’ என்று எழுதலாம். ‘குற்றச்சாட்டு’ அந்த இடத்தில் கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும். மொத்தக் குற்றச்சாட்டுகள் 115 என்று சொல்லப்படும் எண்ணையும் அப்படியே தூக்கிப் போடக் கூடாது. ஒரே விதியை ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக எண்ணியதால் வந்த எண்ணிக்கை அது. ‘115 மோசடி’ என்று தலைப்பு வைத்தால் நாம்தான் பொய் சொன்னவர்கள் ஆவோம்.

‘கிளப்’ இருக்கட்டும். ‘கழகம்’ என்று எழுதி அதன் மேல் நிதிப் புகாரையும் சேர்த்தால், நம் வாசகர் விளையாட்டுப் பக்கத்தைத்தான் படிக்கிறோமா என்று சந்தேகப்படுவார்.

—

மறு: மறு:

தம்பி, விளக்கம் நன்று. ஆனால் ‘செலவு வரம்பு’ சொன்னவரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நட்டத்தைப் பார்க்கும் விதியை 2026-27 பருவம் முதல் மாற்ற பிரீமியர் லீக் கிளப்புகள் வாக்களித்துவிட்டன. சம்பளம், ஒப்பந்தத் தேய்மானம், முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருவாயில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஐரோப்பியச் சங்கத்தின் விதிப்படி 70. இது செலவைத்தானே கட்டுகிறது?

—

மறு: மறு: மறு:

ஆமாம் ஐயா, அங்கே அவர் சொல்தான் பொருந்தும். ஒரேயொரு திருத்தம்: இது நிலையான தொகை அல்ல, வருவாய் கூடினால் தானும் கூடும். அதனால் ‘அணிச் செலவு விகிதம்’ என்று போடலாமா? பழைய வழக்குகளுக்கு நட்ட வரம்பு, புதியவற்றுக்கு இது. இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

பாக்கி இருப்பது தண்டனையின் பெயர். ‘புள்ளிக் குறைப்பு’ என்று முன்பு முடிவு செய்தோம். எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி போனது, மேல்முறையீட்டில் அது 6 ஆனது. இதை எழுதப் போனால் ‘புள்ளிக் குறைப்பு குறைக்கப்பட்டது’ என்று வருகிறது. ‘புள்ளி வெட்டு’ என்றால் ‘வெட்டு 6 ஆகக் குறைந்தது’ என்று நேராக எழுதலாம். அடுத்த கணக்குக்காக 2024 ஏப்ரலில் அவர்களுக்கு இன்னொரு வெட்டு விழுந்தது, 2 புள்ளி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.