கல்லீரல் செய்வது நச்சுநீக்கமா? ‘கழிபதமாக்கம்’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

‘டீடாக்சிஃபிகேஷன்’ என்பதற்கு ‘நச்சுநீக்கம்’ போதும், வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை ஏன் கிளற வேண்டும் என்று இந்த இழையில் இருவர் கேட்டிருந்தீர்கள். வயிற்றைக் கழுவி நஞ்சை வெளியே எடுப்பதற்கும், டயாலிசிஸ் கருவியால் இரத்தத்திலிருந்து நஞ்சைப் பிரிப்பதற்கும் அந்தச் சொல் சரியாகவே பொருந்துகிறது. அங்கே நஞ்சு நஞ்சாகவே இருந்தபடி ஓரிடத்திலிருந்து அகற்றப்படுகிறது. கல்லீரலின் வேலைக்கும் அதே சொல்லை வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஈரல் நஞ்சை, உடம்பை விட்டு வெளியேறத்தக்க வேறொரு பொருளாக மாற்றுகிறது. வெளியேற்றுவது சிறுநீரும் பித்தமும். இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பது என் வாதம்.

நோயாளிகளுக்கான விளக்கத் தாள்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் காமாலை பற்றிய தாளொன்றில், ‘பிலிரூபின் என்னும் நச்சுப்பொருளைக் குழந்தையின் கல்லீரலால் இன்னும் நீக்க முடியாததால், குழந்தையை நீல ஒளியின் கீழ் வைக்கிறோம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தாய், கண்கள் மறைத்துக் கட்டப்பட்டு விளக்கின் கீழ் கிடந்த தன் மூன்று நாள் குழந்தையைக் காட்டி, ‘இந்த விளக்கு நஞ்சை உறிஞ்சி எடுக்குமா? எடுத்தது எந்த வழியாக வெளியே வரும்?’ என்று கேட்டார். என் வாக்கியத்தில் அதற்கு விடை இல்லை. ‘நீக்கம்’ என்று எழுதியவன் நான். எடுத்து எங்கே போடுகிறீர்கள் என்று அவர் கேட்டது அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டதால்தான்.

உள்ளே நடப்பது இது. சிவப்பணுக்கள் வயதாகிச் சிதையும்போது அவற்றின் நிறப்பொருளிலிருந்து பிலிரூபின் உண்டாகிறது. அது கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. நீரில் கரையாத எதுவும் சிறுநீரிலோ பித்தத்திலோ எளிதாகக் கலந்து போக முடியாது. ஆல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொழுப்பில் கரையும் இயல்பே அதற்கு மூளைக்குள் நுழையவும் வழி செய்கிறது என்பதால்தான், பச்சிளங் குழந்தையின் இரத்தத்தில் அது மிகும்போது மருத்துவர்கள் அவ்வளவு கவலைப்படுகிறார்கள். ஈரலில் ஒரு நொதி, இந்தப் பிலிரூபினோடு குளுக்கியூரோனிக் அமிலத்தைப் பிணைக்கிறது. பிணைத்த உடனே அது நீரில் கரையும் பொருளாகிப் பித்தத்தோடு குடலுக்கு இறங்கிவிடுகிறது. பிறந்த சில நாள்களுக்கு அந்த நொதி முழு வலிமை பெறுவதில்லை. நீல ஒளி தோலில் படும்போது பிலிரூபின் மூலக்கூறின் வடிவம் மாறி, பிணைப்பு இல்லாமலே வெளியேறக்கூடியதாகிவிடுகிறது. ஆக, விளக்கும் எதையும் உறிஞ்சுவதில்லை. ஈரல் செய்ய வேண்டிய மாற்றத்தை வேறொரு வழியில் செய்துகொடுக்கிறது. அந்தத் தாயிடம் நான் இதைத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்குப் பத்து வாக்கியம் தேவைப்பட்டது, ஏனென்றால் இந்த வேலைக்குப் பெயராக ஒரு சொல் என்னிடம் இல்லை.

நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் ஈரலுக்குள் பாய்கிறது; அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வாயிற்சிரை வழியாக நேரே வருவது. உண்ட மருந்தும் பிறவும் உடம்பெங்கும் பரவுமுன் ஈரலைக் கடந்தாக வேண்டும் என்ற இந்த அமைப்பைப் பார்த்துத்தான் ‘வடிகட்டி’ என்ற உவமை பிறந்தது. வடிகட்டும் வேலையும் ஈரலில் உண்டு. அங்குள்ள குப்ஃபர் செல்கள் குடலிலிருந்து வரும் நுண்ணுயிரிகளைப் பிடித்து விழுங்குகின்றன. ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் வேலை அதுவன்று. வடிகட்டி என்றால் அழுக்கு தங்கும், தங்கினால் கழுவ வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ‘ஈரலைச் சுத்தம் செய்யும்’ பொடிகளையும் பானங்களையும் விற்பவர்கள் இந்த எண்ணத்தின் மேல்தான் கடை விரிக்கிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. செறிவாக்கப்பட்ட பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளால் ஈரல் புண்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உட்கொள்ளும் எந்தப் பொடியும் ஈரலுக்கு மேலும் ஒரு வேலைதான்.

‘நச்சுநீக்கம்’ பொருந்தாது என்பதற்கு இன்னும் வலுவான சான்று மெத்தனால். மெத்தனாலைக் குடித்தவரின் ஈரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வையைப் பறிப்பது அந்த ஃபார்மிக் அமிலம். மருத்துவர் உடனே தருவது ஃபோமெபிசோல் போன்ற, ஈரலின் அந்த நொதியைத் தடுத்து நிறுத்தும் மருந்து. ஈரல் செய்வதை ‘நச்சுநீக்கம்’ என்று எழுதினால், ‘நச்சுநீக்கத்தைத் தடுத்து நோயாளியைக் காப்பாற்றினார்கள்’ என்று எழுத வேண்டியதாகும். ஒரு மாணவர் அந்த வாக்கியத்தை எப்படி விளங்கிக்கொள்வார்?

பாராசிட்டமாலும் இப்படித்தான். உரிய அளவில் உட்கொண்டால் பெரும்பகுதி குளுக்கியூரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் பிணைந்து சிறுநீரில் போய்விடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் ஈரலிலுள்ள சைட்டோகுரோம் என்னும் நொதிகளின் கையில் பட்டுக் கடுமையான நஞ்சாகிறது. அதைக் குளுட்டதயோன் என்னும் பொருள் உடனுக்குடன் பிடித்து அடக்குகிறது. அளவு மீறி உட்கொண்டால் குளுட்டதயோன் தீர்ந்துபோய், ஈரல் தான் உண்டாக்கிய நஞ்சாலேயே செல் செல்லாகச் சாகிறது. அப்போது கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்துபோன குளுட்டதயோனை மீண்டும் உருவாக்கத் தருவது. நஞ்சு குறைவதும் கூடுவதும் இந்த வேலையின் விளைவுகள். நஞ்சல்லாத மருந்துகளும் இதே நொதிகளிடம்தான் செல்கின்றன. கோடீன் என்னும் வலிநீக்கி மருந்தின் ஒரு பகுதி மார்ஃபீனாகி வலியைத் தணிப்பது ஈரல் அதை மாற்றிக்கொடுப்பதால்தான். ஆகவே ‘நீக்கம்’ என்ற பாதியைப் போலவே ‘நச்சு’ என்ற பாதியும் நிற்பதில்லை.

(நஞ்சு என்பது நச்சு என வன்தொடராவது, மருந்து மருத்துவம் ஆவது போல, இலக்கணப்படி சரியே. என் மறுப்பு புணர்ச்சி பற்றியதன்று.)

புணர்ச்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் மாற்றமாகிய விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாகப் பிரித்தறிந்த மொழி நம்முடையது. மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது, அதாவது மறைகிறது. பொன், குடம் இரண்டும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. பொற்குடத்தைக் கெடுதல் என்று எழுதும் மாணவருக்கு நாம் மதிப்பெண் தரமாட்டோம். ஈரல் செய்வது திரிதல். நாமோ அதைக் கெடுதல் என்று எழுதிவருகிறோம். இதனால்தான் ‘வேதித்திரிபு’ என்று முன்மடலொன்றில் வந்த பரிந்துரை என்னை முதலில் கவர்ந்தது. ஆனால் திரிபு என்ற சொல் இன்று மரபணுவில் நேரும் மாற்றத்துக்கும் புதிய வகை வைரஸ்களுக்கும் உரியதாகிவிட்டது. பொதுவழக்கில் உண்மையைத் திரித்தல் என்ற நிழலும் அதன்மேல் விழுகிறது. ‘ஈரல் திரிபு’ என்று படிப்பவர் ஈரலுக்கு ஏதோ நேர்ந்துவிட்டதென்றே நினைப்பார்.

மாற்றாகக் கருதத்தக்க மற்றச் சொற்களில் ‘ஈரல்மாற்றம்’ சுருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையோடு குழம்பும். நோயாளிக்கான தாளில் அந்தக் குழப்பத்துக்கு இடமே தரக்கூடாது. ‘நச்சுமுறிவு’ மாற்றத்தைச் சுட்டுகிறது, எனினும் முடிவில் நஞ்சு முறிந்துவிடும் என்று முன்கூட்டியே உறுதி சொல்கிறது. மெத்தனாலில் அந்த உறுதி பொய்க்கிறது. ‘உயிர்வேதி மாற்றம்’ உடம்பில் நடக்கும் அனைத்துக்கும் பொது.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான திசை எது என்று பார்த்தால், அது நீரில் கரையும் தன்மையை நோக்கிய திசை, அதாவது வெளியேறுவதற்கான பக்குவம். 1842-இல் கெல்லர் என்பவர் பென்சோயிக் அமிலத்தைத் தாமே உட்கொண்டு, அது சிறுநீரில் ஹிப்யூரிக் அமிலமாக வெளிவருவதைக் காட்டினார். உள்ளே சென்றது வேறு, வெளியே வந்தது வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1959-இல் உயிர்வேதியியலாளர் ஆர்.டி. வில்லியம்ஸ் இந்த வேலையை இரு கட்டங்களாகப் பகுத்துக் காட்டினார். முதற்கட்டத்தில் பொருளின்மேல் ஆக்சிஜன் போன்ற ஒரு பிடி பொருத்தப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிடியில், நீரில் எளிதில் கரையும் துணைப்பொருளொன்று பிணைக்கப்படுகிறது. பிலிரூபினைப் போல ஏற்கெனவே பிடி உள்ள பொருள்கள் நேரே இரண்டாம் கட்டத்துக்குச் செல்லும். இக்கட்டங்களுக்குப் ‘பிடியிடல்’, ‘துணைசேர்த்தல்’ என்ற பெயர்களை வைக்கலாமென்று தோன்றுகிறது. இவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

முழு வேலைக்கு நான் முன்மொழிவது ‘கழிபதமாக்கம்’.

பதம் என்பது ஒரு பொருள் அடுத்த செயலுக்கு ஏற்றதாக அமையும் நிலை. உழுவதற்குப் பதமான ஈரம் என்கிறோம், களிமண் பதத்துக்கு வந்ததா என்று விரலால் அழுத்திப் பார்க்கிறோம், தோலைப் பதனிடுகிறோம். கழிபதம் வினைத்தொகை, கழிந்த பதம், கழிகின்ற பதம், கழியும் பதம் என்று விரியும். அலைகடல், விரிகதிர் போல இடையில் ஒற்று மிகாது; ‘கழிப்பதம்’ என்று எழுதுவது பிழை. பதத்துக்குச் சொல் என்ற பொருளும் உண்டே என்றால், கூட்டுச்சொல்லில் அந்த ஐயம் எழ வழியில்லை. ‘கழி’ கழிவறையை நினைவூட்டுகிறது என்று யாரேனும் முகம் சுளிக்கலாம். பொழுது கழிவதும் கடன் கழிவதும் அதே வினைதான். மேலும் இங்கே பேசப்படுவது உண்மையிலேயே உடம்பை விட்டுக் கழிவதைப் பற்றி.

கோடீன் மார்ஃபீனாவது கழிபதமாக்கமா என்று கேட்பீர்கள். ஆம், வழியில் ஒரு நிலை அது. அந்த மார்ஃபீனும் பிறகு குளுக்கியூரோனிக் அமிலத்தோடு பிணைந்தே வெளியேறுகிறது. இடையில் வலி தணிவது நமக்குக் கிடைக்கும் பயன். நொதிகளைப் பொறுத்தவரை பயணம் ஒரே திசையில்தான்.

சொல் வேரூன்றுமா என்பதற்கு அது எத்தனை கிளை விடுகிறது என்பதையே நான் அளவாகக் கொள்வேன். கழிபதமாக்கும் நொதி, கழிபதமாதல், கழிபதமாகாத மருந்து ஆகியவை இயல்பாக வருகின்றன. இரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நேரடி பிலிரூபின்’, ‘மறைமுக பிலிரூபின்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நிறம் காட்டும் கரைசலோடு ஒன்று நேரடியாக வினைபுரிந்தது, மற்றொன்றுக்கு ஆல்கஹால் சேர்க்க வேண்டியிருந்தது என்பதால் வந்த பெயர்கள் இவை. 1916-இல் வான் டென் பெர்க் என்னும் மருத்துவர் செய்த சோதனையின் மிச்சம். நோயாளிக்கு இவை எதையும் சொல்வதில்லை. அவற்றைக் ‘கழிபதமான பிலிரூபின்’, ‘கழிபதமாகாத பிலிரூபின்’ என்று எழுதிப் பாருங்கள். கழிபதமாகாதது மிகுந்திருந்தால், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைகின்றனவா, ஈரலின் நொதி போதவில்லையா என்று மருத்துவர் பார்ப்பார். கழிபதமானது மிகுந்திருந்தால், ஆயத்தமான பிறகும் அதற்கு வழி கிடைக்கவில்லை. பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது ஈரல் செல்களே புண்பட்டிருக்கலாம். அப்போது சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது ஏன் என்பதும் சொல்லிலிருந்தே விளங்குகிறது: நீரில் கரைவது கழிபதமானது மட்டும்தான்.

அம்மோனியா யூரியாவாவதை இதில் சேர்க்கலாமா என்பதில் எனக்கே முழுத் தெளிவில்லை. 1932-இல் கிரெப்ஸ், ஹென்செலைட் என்னும் அறிவியலாளர்கள் கண்டறிந்த, அம்மோனியாவை யூரியாவாக்கும் வேதிச்சுழற்சியில் நடப்பதும், நஞ்சான ஒன்று கழியத்தக்கதாக மாறுவதுதான். ஈரல் செயலிழந்தவரின் மனம் குழம்பிப்போவதற்கு மாறாமல் தேங்கும் அம்மோனியா ஒரு காரணம். ஆனால் அம்மோனியா முன்பே நீரில் நன்கு கரைவது. கரைதிறனை அளவுகோலாகக் கொண்டால் அது வெளியே நிற்கும். அதை ‘யூரியாவாக்கம்’ என்று தனியே வைப்பதே நல்லதென்று நினைக்கிறேன். வேதியியல் படித்தவர்கள் இதற்கு மட்டும் மறுமடல் எழுதினாலும் மகிழ்வேன்.

குழந்தைகளுக்கான தாளை இப்போது இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘பிலிரூபின் உடம்பை விட்டு வெளியேற வேண்டுமானால், முதலில் நீரில் கரையும் பொருளாக மாற வேண்டும். இந்த மாற்றத்துக்குக் கழிபதமாக்கம் என்று பெயர். உங்கள் குழந்தையின் கல்லீரல் இதைச் செய்யும் வலிமையை இன்னும் முழுதாகப் பெறவில்லை. அதுவரை இந்த நீல ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றிக்கொடுக்கும். மாறியது மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.’

மருத்துவம் படிக்காத ஒருவரிடம் இதை உரக்கப் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் அவர் நிறுத்திக் கேட்டார் என்று எழுதுங்கள். அடுத்த அச்சுக்குத் தாள் போகுமுன் திருத்திவிடலாம்.