வகைப் பக்கத்தில் எண் 4-ஐ அழுத்தினால் முகப்பு திறக்கிறது: காப்பகப் பக்கமும் 404 பக்கமும் பற்றி ஒரு கேள்வி

இதழ்ப்பணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் எங்கள் சிற்றிதழின் தளத்தை ஆறு ஆண்டுகளாக நான்தான் கவனித்து வருகிறேன். நிரல் எழுதத் தெரியாது. கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களை (ப்ளகின்) நிறுவியும் அமைப்புகளை மாற்றியும் இயன்றவரை நடத்தி வருகிறேன். சிறுகதை, கவிதை, மொழிபெயர்ப்பு, நூல் மதிப்புரை என நான்கு வகைகளில் பதிவுகள் உள்ளன. ஒவ்வொரு வகையின் பதிவுகளையும் திரட்டிக் காட்டும் வகைப் பக்கங்களின் (காப்பகப் பக்கங்களின்) தோற்றம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ‘கேட்டகரி: நூல் மதிப்புரை’ என்று தலைப்பிலேயே ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டு நிற்கும், பதிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக முழு நீளத்துக்கு இறங்கும். தவறான முகவரிக்கு வந்தவர்களுக்கோ, தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் இருந்த ஒற்றை ஆங்கில வரிதான் கிடைத்தது.

சென்ற மாதம், பக்கங்களை வடிவமைக்க உதவும் செருகுநிரல் ஒன்றைக் கட்டணம் செலுத்தி வாங்கி, வகைப் பக்கத்துக்குப் புதிய வார்ப்புரு அமைத்தேன். மேலே வகையைப் பற்றிய சிறு அறிமுகம், அதன்கீழ் கட்டம் கட்டமாகப் பக்கத்துக்கு ஆறு பதிவுகள். இல்லாத முகவரியைக் கேட்டால் வரும் 404 பிழைப் பக்கத்துக்கு வேறொரு செருகுநிரல். கிடைக்காத முகவரி எதுவானாலும் அது முகப்புக்கு அனுப்பிவிடும். பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் நூல் மதிப்புரையில் 26 பதிவுகள் உள்ளன. பக்கத்தின் அடியில் 1 முதல் 5 வரை எண்கள் வருகின்றன. முதல் மூன்று பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. 4-ஐயோ 5-ஐயோ அழுத்தினால் முகப்பு வந்து நிற்கிறது. ‘பழைய மதிப்புரைகளை நீக்கிவிட்டீர்களா?’ என்று வாசகர் ஒருவர் வருத்தத்துடன் எழுதிய பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலிலும் ‘சாஃப்ட் 404’ என்னும் தலைப்பின்கீழ் முகவரிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா? புதிய தோற்றத்தை விட்டுக்கொடுக்காமல் சரிசெய்ய இயலுமா?

தளத்தச்சன் (மறுமொழி):

வணக்கம். தொடர்பு உண்டு. முதல் கோளாறு வகைப் பக்கத்தில் இருக்கிறது; 404 செருகுநிரல் அதை உங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது.

ஒரு வகைப் பக்கத்தின் முகவரி வந்தவுடன், வார்ப்புருவைத் தொடுவதற்கு முன்பே, வேர்ட்பிரஸ் தன் முதன்மை வினவலை (காட்ட வேண்டிய பதிவுகளைத் தரவுத்தளத்தில் கேட்டு எடுப்பதை) நடத்திவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவுகள் என்பதை அது ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘ரீடிங்’ பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் அங்கே 10 என்றிருக்கும். 26 பதிவுகளுக்குப் பத்துப் பத்தாக மூன்று பக்கங்கள். உங்கள் கட்டங்களோ தமக்கென்று தனி வினவலை நடத்தி, ஆறு ஆறாகப் பிரித்து, ஐந்து பக்கங்களுக்கு எண் போடுகின்றன. வாசகர் 4-ஐ அழுத்தும்போது முதன்மை வினவலின் கணக்கில் நான்காம் பக்கமே இல்லாததால், வேர்ட்பிரஸ் 404 என்று முடிவு செய்துவிடுகிறது. உங்கள் அழகான வார்ப்புரு அழைக்கப்படுவதே இல்லை. அந்த 404-ஐப் பார்த்த மற்றச் செருகுநிரல், தனக்கு இட்ட பணியைச் செய்து, வாசகரை முகப்புக்கு அனுப்பிவிடுகிறது. அது இல்லாதிருந்தால் முதல் நாளே பிழைப் பக்கத்தைக் கண்டு காரணம் தேடியிருப்பீர்கள்.

ஆகவே, கட்டங்களைக் காட்டும் விட்ஜெட்டின் ‘கொயரி’ அமைப்பில் குறிப்பிட்ட வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதை நீக்கிவிட்டு, நடப்பு வினவலையே பயன்படுத்துமாறு மாற்றுங்கள். (பக்கத்தைத் தனித்தனிப் பிளாக்குகளாக அமைக்கும் பிளாக் தீம்களில் ‘கொயரி லூப்’ பிளாக்கிலும் இதே தேர்வு உண்டு.) அதன்பின் பக்கத்துக்கு ஆறு என்பதை ‘ரீடிங்’ அமைப்பில் கொடுக்கலாம், ஆனால் அது வலைப்பதிவுப் பட்டியலையும் தேடல் முடிவுகளையும் சேர்த்தே மாற்றும். வகைப் பக்கத்துக்கு மட்டும் ஆறு வேண்டுமென்றால், ‘ப்ரீ கெட் போஸ்ட்ஸ்’ என்னும் ஹூக்கில் (வேர்ட்பிரஸின் செயலில் நம் நிரலை இணைக்கும் இடத்தில்) நான்கைந்து வரி நிரல் போதும். அதைத் தீமின் கோப்பில் எழுதாதீர்கள். தீமைப் புதுப்பித்தால் அழிந்துவிடும். சைல்டு தீமிலோ (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் துணைத் தீம்), நிரல்துணுக்குகளுக்கான செருகுநிரலிலோ வையுங்கள். தலைப்பில் ஒட்டியிருக்கும் ‘கேட்டகரி’ என்னும் முன்னொட்டை நீக்குவதற்கென்றே வேர்ட்பிரஸ் 5.5 முதல் தனி வடிகட்டி (வெளியீட்டை மாற்றும் ‘ஃபில்டர்’) இருக்கிறது. ஒரே வரியில் முடியும். பல வடிவமைப்புச் செருகுநிரல்களில் அதற்கு ஒரு பொத்தானே உண்டு.

இனி 404. இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைத் தோற்றம் சார்ந்த பணியாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது வாசகருக்கு. சேவையகம் எந்த நிலைக்குறியீட்டை (கோரிக்கையின் முடிவைச் சொல்லும் எண்ணை) அனுப்புகிறது என்பது தேடுபொறிக்கு. இல்லாத முகவரிக்கு 404 என்று நேர்மையாகச் சொன்னால், தேடுபொறி நாளடைவில் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எல்லாவற்றையும் முகப்புக்கு வழிமாற்றினால், சற்றும் தொடர்பில்லாத பக்கம் வருவதைக் கூகுள் கண்டுகொண்டு, அதைச் ‘சாஃப்ட் 404’ என்று குறிக்கிறது. உங்கள் பட்டியல் வளர்வது இதனால்தான். வாசகருக்கும் இது நல்லதல்ல. தேடி வந்த கட்டுரை இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் அவரை வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம்.

அந்தச் செருகுநிரலை நீக்கிவிடுங்கள். உங்கள் வடிவமைப்புச் செருகுநிரலிலேயே 404-க்கு வார்ப்புரு அமைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். வேர்ட்பிரஸ் 5.9 முதல், பிளாக் தீம் பயன்படுத்துவோர் தள எடிட்டரின் வார்ப்புருப் பட்டியலிலேயே அதைத் திருத்தலாம். இரண்டும் இல்லாதவர்களுக்கு ‘404பேஜ்’ என்னும் செருகுநிரல் பொருந்தும். நீங்கள் எழுதி வைத்த சாதாரணப் பக்கம் ஒன்றை, வழிமாற்றாமல், அதே முகவரியில், 404 குறியீட்டுடனேயே அது காட்டும். எதைப் பயன்படுத்தினாலும், உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த முகவரி ஒன்றைத் தட்டிப் பாருங்கள். முதல் வரியில் 404 என்று வர வேண்டும். 200 (பக்கம் கிடைத்தது), 301, 302 (வழிமாற்று) எது வந்தாலும் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

அந்தப் பக்கத்தை எளிதாக வையுங்கள். வழக்கமான வேர்ட்பிரஸ் அமைப்பில், அழிந்துபோன படக்கோப்பு ஒன்றைக் கேட்டாலும் அந்தக் கோரிக்கை வேர்ட்பிரஸிடமே வந்து 404 பக்கம் முழுவதையும் உருவாக்க வைக்கும். அதில் பன்னிரண்டு கட்டங்களை அடுக்கினால் சேவையகத்துக்கு வீண் சுமை.

ஏட்டுச்சுவடி (மறுமொழி):

மேலே சொன்னவை அனைத்தும் சரி. தமிழ்த் தளம் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: பிழைப் பக்கத்தை அழகாக்குவதைப் போலவே, வாசகர் அங்கே ஏன் வந்து சேர்கிறார் என்பதும் முக்கியம்.

தலைப்பைத் தமிழில் இட்டால் முகவரியும் தமிழிலேயே அமைகிறது. ஆனால் தரவுத்தளத்தில் அது விழுக்காட்டுக் குறியீடுகளாக (%e0 போன்று) சேமிக்கப்படுகிறது. அதற்குரிய புலத்தில் 200 எழுத்துகளுக்கே இடம் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் எழுத்துச் சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். ‘சிறுகதை’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்துகள். கணினிக்கோ, உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து ஏழு குறிகள், ஆகவே 63 இடங்கள். ஒரு முகவரியில் ஏறத்தாழ 22 தமிழ்க் குறிகள் மட்டுமே நிற்கும், மிச்சம் வெட்டப்படும். உங்கள் மதிப்புரைகள் ‘நூல் மதிப்புரை’ என்றே தொடங்குமானால், அந்த இரண்டு சொற்களே 118 இடங்களை எடுத்துக்கொள்ள, நூலின் பெயருக்கு எட்டொன்பது குறிகள்தான் மிஞ்சும். பெயரின் தொடக்கம் ஒத்திருந்தால் இரண்டாவது பதிவுக்கு வேர்ட்பிரஸ் இறுதியில் 2 என்று சேர்த்துவிடும். இப்படிப்பட்ட நீண்ட இணைப்புகள் மின்னஞ்சலில் மடிந்து பாதியில் அறுபடும்போது, படிக்க வந்தவர் பிழைப் பக்கத்தில் வந்து விழக்கூடும்.

இதற்காகத் தமிழ் முகவரியைக் கைவிட வேண்டியதில்லை; பதிவிடும்போதே அதைக் கையால் சுருக்கி எழுதினால் போதும். பழைய பதிவின் முகவரியை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் முந்தையதை நினைவில் வைத்து, புதியதற்குத் தானே அனுப்பிவிடும். ஆனால் வகையின் முகவரிக்கு அந்த நினைவு கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘கட்டுரைகள்’ என்றிருந்த வகையின் முகவரியைக் ‘கட்டுரை’ என்று திருத்திவிட்டு, அதற்கு வெளியில் இருந்த இணைப்புகள் அத்தனையையும் ஒரே பிற்பகலில் முறித்துவிட்டேன். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. ‘ரீடைரக்ஷன்’ செருகுநிரலில் பழையதிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்று ஒன்றை எழுதி வைத்த பிறகே சரியாயிற்று. எந்தெந்த முகவரிகள் 404 ஆகின்றன என்பதையும் அது பதிவு செய்யும். சில வாரங்களுக்கு அதைக் கவனித்து, உண்மையில் இடம் மாறிய பக்கங்களுக்கு மட்டும் வழிமாற்று எழுதுங்கள்.

இதழ்ப்பணி (மறுமொழி):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விட்ஜெட்டை நடப்பு வினவலுக்கு மாற்றி, நிரல்துணுக்கைச் சேர்த்து, 404 செருகுநிரலையும் நீக்கிவிட்டேன். கைப்பேசியில் ஐந்து பக்கங்களும் திறக்கின்றன. ஆனால் என் மடிக்கணினியில் மட்டும் நான்காம் பக்கம் இன்னும் முகப்புக்கே போகிறது.

தளத்தச்சன் (மறுமொழி):

பழைய செருகுநிரல் அனுப்பியது 301 ஆக இருந்திருக்க வேண்டும். அது நிரந்தர வழிமாற்று என்பதால் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, சேவையகத்தைக் கேட்காமலேயே முகப்புக்குத் திருப்பிவிடுகிறது. உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள். தளத்தில் பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் செருகுநிரல் இருந்தால் அதையும் ஒருமுறை காலி செய்யுங்கள்.

இதழ்ப்பணி (மறுமொழி):

அழித்தவுடன் சரியாகிவிட்டது. ‘நெட்வொர்க்’ பகுதியிலும் இப்போது 404 என்றே வருகிறது. பிழைப் பக்கத்தில் மூன்று வரிகளும் ஒரு தேடல் பெட்டியும் நான்கு வகைகளின் இணைப்புகளும் மட்டும் வைத்திருக்கிறேன். ‘நீங்கள் தேடிய பக்கம் இந்த முகவரியில் இல்லை. முகவரி அறுபட்டு வந்திருக்கலாம். தலைப்பில் நினைவிருக்கும் ஒரு சொல்லைக் கீழே இட்டுத் தேடுங்கள்’ என்று எழுதியுள்ளேன். நீளமான முகவரிகளை நூல் மதிப்புரையிலிருந்து தொடங்கிச் சுருக்கி வருகிறேன். இன்று ஒன்பது முடிந்தன. முதலில் எழுதிக் கேட்ட வாசகருக்கு ஐந்தாம் பக்கத்தின் இணைப்பையும் அனுப்பிவிட்டேன்.