ஏரலில் வீடு கட்டுகிறேன், பேஸ்மட்டம் எத்தனை அடி உயர்த்தலாம்?

ஆத்தங்கரைக்காரன்:
தாத்தா வீட்டை இடித்துவிட்டுக் கட்டுகிறோம். 1992 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் திண்ணையின் இரண்டாம் படியோடு நின்றது. அப்பா அங்கே உளியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். 2023 டிசம்பரில் அந்தக் கோடு எங்கேயோ அடியில் போய்விட்டது. ஜன்னலில் மூன்றாவது கம்பி வரை சேறு. விதைநெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது, அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. மேஸ்திரி, "அப்பா போட்ட கோட்டுக்கு மேல ஒரு அடி போதும், இதெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை" என்கிறார். நம்பலாமா?

மதகு:
அந்த நூறு வருஷம் பழைய மழைக் கணக்கில் இருந்து வருவது. மழை மாறினால் அதுவும் மாறும். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்கிற அன்றைக்குக் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பர் 18 காலை வரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, உங்களுக்கு மேற்கே ஸ்ரீவைகுண்டத்தில் 62. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் மலைப் பக்கம் இருக்கின்றன. சமவெளியில் விழுந்ததை அவை எப்படிப் பிடிக்கும்? ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பதோ வாய்க்காலுக்குத் திருப்பிவிடும் அணைக்கட்டு, வெள்ளத்தைத் தேக்கி வைப்பதல்ல.

குளத்துவாசி:
பழியை எல்லாம் வானத்தின் மேல் போடாதீங்க அண்ணாச்சி. எங்கள் ஊருக்குள் ஆறு வரவில்லை, குளம்தான் உடைந்து வந்தது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் ஓடை முழுக்க ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். போக வழியில்லாத தண்ணீர் கரையை அறுத்தது. அந்த முள்ளை வெட்ட யார் வரப்போகிறார்கள்?

மதகு:
சரிதான். அன்றைக்குக் குமரிக்கடல் பக்கம் காற்றுச் சுழற்சி நகராமல் நின்றதும் ஒரு காரணம். ஆனால் முள்ளை வெட்டினாலும், அந்த மறுகாலை அகலம் பார்த்துக் கட்டியது தாத்தா காலத்து மழைக்கு.

ஆத்தங்கரைக்காரன்:
இன்று டேப் பிடித்தேன். சேற்றுக்கறை தெருமட்டத்தில் இருந்து ஆறேகால் அடி. அவ்வளவு மண் அடித்தால் அம்மா எப்படிப் படி ஏறுவாள்? பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார், தண்ணீர் அவர் வாசலுக்குத் தள்ளுமே. அதனால் பேஸ்மட்டம் மூன்றரை அடி. மெயின், இன்வெர்ட்டர் எல்லாம் மாடியில். மூட்டையைத் தோளில் தூக்கி ஏற வசதியாக மாடிப்படியை அகலமாக வைக்கச் சொல்லிவிட்டேன். மேஸ்திரிக்கு அதில்தான் கோபம்.